முழுத்திரைப் பிரிவின் ஒரே ஊழியர்

பிளாஸ்டிக் குழாய்களும், அவற்றை வளைக்கவும் சேர்க்கவும் அடைக்கவும் வேண்டிய துண்டுகளும் செய்து விற்கும் கம்பெனி அது. உற்பத்தி, விற்பனை, கணக்கு, சரக்கறை என்று எங்கும் இருக்கிற பிரிவுகள் அங்கேயும் இருந்தன. எங்கும் இல்லாத பிரிவு ஒன்றும் இருந்தது. முழுத்திரைப் பிரிவு. அதற்குத் தலைவர், துணைத் தலைவர், எழுத்தர், எடுபிடி எல்லாம் ஒருவரே. அலுவலகத்தில் அவரைத் திரைக்காரர் என்பார்கள்.

திரைக்காரரின் பணியை விளக்குவது எளிது. அதன் மகிமையை விளக்குவதுதான் பெரும்பாடு. கூட்ட அறைக்கு மேலாளர்கள் தத்தம் லேப்டாப்போடு வருவார்கள். திரைக்காரர் அதில் புரொஜெக்டர் கம்பியைச் செருகுவார். செருகியதும் சுவரிலிருக்கும் வெள்ளைத் திரையில் லேப்டாப்பின் குடல் வெளியே வந்து தொங்கும். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, ஓரத்தில் குட்டிக் குட்டிப் படங்கள், நடுவே பாவம் போல ஒரு ஸ்லைடு. தலைமை மேலாளர் "ம்" என்பார். திரைக்காரர் ஒரு விசையை அழுத்துவார். பட்டைகள் அத்தனையும் ஓடி ஒளிய, ஸ்லைடு மட்டும் திரை முழுக்க விரிந்து நிற்கும். கூட்டம் முடிந்ததும் இன்னொரு விசை. அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று கேட்பவர்கள் அலுவலகங்களில் காலம் தள்ளிப் பழகாதவர்கள்.

ஆதியில் அவர் தபால் பிரிவில் இருந்தார். உறைகளில் முகவரி எழுதுவது, எடை போடுவது, கூரியர்காரரிடம் சண்டை பிடிப்பது. மின்னஞ்சல் வந்து அந்தப் பிரிவின் கழுத்தை நிதானமாக நெரித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் கையெழுத்து வாங்கக் கூட்ட அறைக்குள் நுழைந்தார். உள்ளே பெரிய வாடிக்கையாளர்கள். தலைமை மேலாளர் பேச்சு வேகத்தில் ஒரு தடித்த கோப்பை லேப்டாப்பின் மேல் வைத்துவிட, எந்தப் பொத்தான் அமுங்கியதோ, திரை கறுத்துவிட்டது. அறையில் கம்பெனியே கண்ணை மூடிவிட்டது போல ஒரு துக்கம்.

வீட்டில் மகள் கணினியில் பார்க்கும் பொம்மைப் படம் பாதியில் நின்றுபோகும்போது மூலைப் பொத்தானை அழுத்து என்று அவள் கத்துவது அவருக்கு நினைவு வந்தது. மூலைப் பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் வந்தது, ஆனால் ஸ்லைடு சிறுத்துப் போய் வந்தது. "பெருசாக்குப்பா!" என்று தலைமை மேலாளர் பல்லுக்கிடையில் சொன்னார். மேல் வரிசைப் பொத்தான்களை மூலைக்கு அடுத்ததிலிருந்து ஒவ்வொன்றாக, தெய்வமே என்று அழுத்திக்கொண்டே போனார். ஐந்தாவதில் திரை நிறைந்தது. வாடிக்கையாளர்களில் ஒருவர் கை கூடத் தட்டினார்.

மறுநாள் கூட்ட அறைக் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது: திரையைக் கையாளும் பொறுப்பு ஒருவருக்கே உரியது, மற்றவர்கள் தொடக் கூடாது. மேலாளர்களுக்கு அதில் ஏக நிம்மதி. தனி அறையில் எல்லாப் பொத்தானையும் தட்டுகிற சூரர்கள்தான். நாலு பேர் பார்க்கத் தப்புப் பண்ண யாருக்குத்தான் துணிச்சல் வரும்? தபால் பிரிவு செத்த வாரம் முழுத்திரைப் பிரிவு பிறந்தது.

பிறந்ததை வளர்த்த விதத்தில்தான் திரைக்காரரின் ராஜதந்திரம் தெரியும். ஒரு விசையை அழுத்துவதற்கு ஒருவன் எதற்கு என்று யாருக்கும் தோன்றிவிடக் கூடாதல்லவா? ஆகவே சட்டைப் பையில் மஞ்சள் துணி ஒன்று வைத்துக்கொண்டார். விசைப்பலகையைத் துடைப்பார். மவுஸ் என்கிற சுண்டெலியைப் பாதுகாப்பான தூரத்துக்கு நகர்த்துவார். "போடலாமா?" என்று கேட்பார். "போடுங்க" என்று உத்தரவு வந்ததும், காற்றில் விளக்கு அணையாமல் கையால் பொத்துவது போல, இடது கையைக் குவித்து வலது விரலை மறைத்துக்கொண்டு அழுத்துவார். அது ஏதோ மரியாதை என்று எல்லோரும் நினைத்தார்கள். எந்த விசை என்று தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அதன் தத்துவம்.

ஆனால் அவருடைய அசல் வேலை வேறு ஒன்று. அதை அவர் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. கம்பியைச் செருகுவதற்கும் விசையை அழுத்துவதற்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் லேப்டாப்பின் கீழ்ப்பட்டையில் அதன் சொந்தக்காரர் திறந்து வைத்திருப்பதெல்லாம் தெரியும். கணக்கு அதிகாரி பாதியில் விட்டு வந்த சீட்டாட்டம். உற்பத்தி மேலாளர் தேடிக்கொண்டிருந்த, தலையில் முடி நடும் மருத்துவமனைகள். விற்பனை மேலாளர் எதிர்க் கம்பெனிக்கு எழுதிக்கொண்டே இருந்து இன்னும் அனுப்பாத வேலை விண்ணப்பம். மற்றவர்கள் நாற்காலி இழுத்து உட்காருவதற்குள் திரைக்காரர் விசையைத் தட்டிவிடுவார். எல்லார் வண்டவாளமும் ஒரு ஸ்லைடுக்குப் பின்னால் பத்திரமாகப் படுத்துக்கொள்ளும். கணக்கு அதிகாரிக்குச் சீட்டாட்டத்தில் எந்தச் சீட்டை நகர்த்த வேண்டும் என்று கூட அவருக்கு வாயில் வரும். விழுங்கிவிடுவார்.

இப்படி நடந்துகொண்டிருந்த ராஜ்ஜியத்துக்குத் தலைமையகத்திலிருந்து ஒரு புதிய நிர்வாக அதிகாரி வந்து சேர்ந்தார். சின்ன வயதுப் பெண். குரலை உயர்த்த மாட்டார். எல்லோரையும் "நீங்க" என்பார். அதனாலேயே எல்லோரும் பயந்தார்கள். வந்த வாரமே சொல்லிவிட்டார்: ஒவ்வொருவரும் தாம் என்ன வேலை செய்கிறோம் என்று கூட்ட அறையில் ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டும். பார்த்த பிறகு, யார் யார் தேவை என்று முடிவு செய்யப்படும்.

அன்றிலிருந்து திரைக்காரரைச் சுற்றி ஈ மொய்த்தது. ஆளாளுக்கு ஒத்திகை பார்க்க வந்தார்கள்.

"உங்களுக்கென்னங்க," என்றார் விற்பனை மேலாளர், தோளில் தட்டி. "நீங்க இல்லன்னா கூட்டமே இல்ல. நாங்கதான் தவிக்கணும்."

"அப்படிங்களா சார்?"

"பின்ன? அந்தம்மாவே உங்களப் பாத்து அசந்து போயிடும், பாருங்க."

திரைக்காரர் அதை அப்படியே நம்பி வீட்டுக்குக் கொண்டுபோனார். வீடு என்பது இரண்டாம் மாடியில் இரண்டு அறை. மனைவி மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். மகள் கல்லூரியில் கடைசி வருடம். பொம்மைப் படம் பார்த்த அதே மகள்தான். இப்போது அவளுடைய பழைய லேப்டாப்பில் அப்பாவுக்காக வெற்று ஸ்லைடு ஒன்று திறந்து வைத்திருந்தாள். திரைக்காரர் அதற்கு எதிரே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் பிறர் ஸ்லைடைப் பெரிதாக்கியவர் சொந்தமாக ஒன்று செய்வது இதுதான் முதல் தடவை.

"என்னம்மா எழுதுறது?" என்றார் மனைவியிடம்.

"நீங்க பாக்குற வேலையத்தான். காலையில போனதும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"கம்பிய சொருகுவேன்."

"அப்புறம்?"

"பெருசாக்குவேன்."

"எத?"

"வந்தத."

மகள் மெதுவாகத் திரும்பினாள். "அப்பா, எஃப் ஃபைவ் அழுத்துவீங்களா?"

"ஏய், மெதுவா பேசு!" என்று அவர் வாசல் கதவைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்க?" மனைவி விடவில்லை.

"அதுக்கப்புறம் கூட்டம் நடக்கும். முடிஞ்சதும் எஸ்கேப்."

மனைவி கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "இத்தன வருஷமா இதையா பண்ணிட்டு வந்தீங்க? எங்க கடை முதலாளிகிட்ட, என் வீட்டுக்காரர் பெரிய கம்ப்யூட்டர் ஆளுன்னு சொல்லி வச்சிருக்கேன். அவர் வீட்டு மெஷின் கெட்டுப்போச்சுன்னு உங்களக் கூப்பிட்டாரே, அப்ப என்ன பண்ணீங்க?"

"காய்ச்சல்னு படுத்துட்டேன்ல."

மகள் சிரித்துவிட்டாள். மனைவிக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரைக்காரரும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்த இடத்தில் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் பயம் வந்தது.

"இந்த வேல போச்சுன்னா?" என்றார் மனைவி.

"இந்த வயசுல வெளிய போனா, என்ன தெரியும்னு கேப்பாங்க."

"என்ன சொல்லுவீங்க?"

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். அதில் எழுதியிருந்த அளவுக்குத்தான் அவரிடமும் பதில் இருந்தது.

"நீங்க எல்லாரோட வண்டவாளத்தையும் மறைச்சுக் காப்பாத்துறீங்கன்னு ஒரு தடவ வாய் தவறிச் சொன்னீங்களே, அதப் போடுங்களேன்," என்றார் மனைவி. "அது வேலதானே?"

"வேலதான். ஆனா சொல்லிட்டா அப்புறம் என்ன மறைச்சேன்?"

மனைவி அதோடு விட்டுவிட்டார். நியாயமாகப் பேசுகிறவரோடு எத்தனை நேரம்தான் மல்லுக்கட்டுவது? கடைசியில் மகள்தான் ஒரு வரி அடித்துக் கொடுத்தாள்: முழுத்திரைப் பிரிவு – கூட்டம் தொடங்குவது இங்கிருந்துதான். எழுத்துக்குக் கீழே ஒரு சூரியோதயப் படம் வைக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம், திமிராகத் தெரியும் என்றுவிட்டார்.

அந்த நாள் வந்தது. கூட்ட அறையில் நாற்காலி போதாமல் சரக்கறையிலிருந்து கொண்டுவந்து போட்டார்கள். திரைக்காரர் சலவைச் சட்டையில், மஞ்சள் துணியோடு, தம் இடத்தில் நின்றார். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் துடைத்தார், நகர்த்தினார், குவித்தார், அழுத்தினார். கணக்கு அதிகாரியின் ஸ்லைடில் அம்புக்குறிகள் எல்லாம் அவரை நோக்கியே பாய்ந்தன. உற்பத்தி மேலாளர் தாம் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற படத்தைக் காட்டினார். இயந்திரம்தான் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரிந்தது. சரக்கறைக்காரர் குழாய்களை வண்ண வாரியாக அடுக்கிப் படம் எடுத்திருந்தார். விற்பனை மேலாளர் மலை உச்சியில் கொடி நட்டிருந்தார். தாம் இல்லாவிட்டால் ஊரில் தண்ணீரே ஓடாது என்கிற தொனியில்தான் அத்தனை பேரும் பேசினார்கள். அத்தனை பேரையும் முழுத்திரையாக்கி நிறுத்தியவர் திரைக்காரர். தம்மைத் தவிர எல்லோரும் எவ்வளவு அவசியமானவர்கள் என்பதை அவ்வளவு பெரிதாக வேறு யார் காட்டியிருக்க முடியும்?

"நீங்க?" என்றார் நிர்வாக அதிகாரி கடைசியில்.

மகளின் லேப்டாப்பைத் திறந்து கம்பியைச் செருகினார். தமக்குத் தாமே "போடலாமா?" என்று கேட்டுக்கொண்டு போட்டார். அந்த ஒற்றை வரி திரை முழுக்க நின்றது. நிர்வாக அதிகாரி அதைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"கூட்டம் இங்கிருந்துதான் தொடங்குதுன்னு போட்டிருக்கீங்க. எப்படின்னு கொஞ்சம் காட்டுங்களேன்."

கேட்ட தொனியில் கேலி துளியும் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. இத்தனை வருடத்தில் எப்படி என்று அவரை யாரும் கேட்டதில்லை. திரைக்காரர் மூலை விசையை அழுத்தி ஸ்லைடைச் சிறிதாக்கினார். துடைத்தார். நகர்த்தினார். கையைக் குவித்தார்.

"கைய எடுங்க, தெரியல," என்றார் அதிகாரி, எழுந்து பக்கத்தில் வந்து.

எடுத்தார்.

"மேல் வரிசை மேடம். மூலைக்கு அடுத்ததுலேர்ந்து அஞ்சாவது. எஃப் ஃபைவ். லேசா தொட்டாப் போதும்."

அதிகாரி லேசாகத் தொட்டார். திரை நிறைந்தது.

"திரும்பி வர?"

"மூலைல இருக்கிறது மேடம்."

தொட்டார். சிறுத்தது. தொட்டார். நிறைந்தது. "ஓ," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு கணக்கு அதிகாரி, "நானும் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்று எழுந்தார். பின்னாலேயே உற்பத்தி மேலாளர் வந்தார். அவருக்குப் பின்னால் சரக்கறைக்காரர். சுவிட்சைக் கண்ட குழந்தைகள் மாதிரி பெரிதாக்குவதும் சிறிதாக்குவதுமாக, ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு, என்ன சந்தோஷம்! "அட, இவ்வளவுதானா?" என்றார் ஒருவர். "இதுக்குத்தான் கதவுல அறிவிப்பா?" என்றார் இன்னொருவர். நியாயமாகப் பார்த்தால் திரைக்காரர் அந்த இடத்தில் மயங்கி விழுந்திருக்க வேண்டும். அவரோ, "அழுத்தாதீங்க சார், தொடுங்க... அது நாலாவது, பக்கத்துல இருக்கிறது... ஆங், வந்துடுச்சு பாருங்க," என்று ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தவறாமல் வந்தபோது அவருக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

அந்த உற்சாகத்தில் விற்பனை மேலாளர், "என் லேப்டாப்புலயும் வருதான்னு பாப்போம்," என்று தாமே கம்பியைப் பிடுங்கித் தம்முடையதில் செருகினார். எதையோ தொட்டார். தொட்டது ஐந்தாவது இல்லை. கீழ்ப்பட்டையில் பதுங்கிக் கிடந்த விண்ணப்பம் எழுந்து சுவருக்கு வந்தது. மேலே எதிர்க் கம்பெனியின் பெயர், தடித்த எழுத்தில். நல்ல வேளையாக நிர்வாக அதிகாரி அந்தக் கணம் குனிந்து தம் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் இன்னும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரைக்காரர் யோசித்தார் என்று சொன்னால் அது பொய். கால் தானாகப் போயிற்று. மஞ்சள் துணியை உருவிக்கொண்டு திரைக்கும் புரொஜெக்டர் வெளிச்சத்துக்கும் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்துத் திரையைத் துடைக்க ஆரம்பித்தார். எதிர்க் கம்பெனியின் பெயர் அவருடைய வழுக்கைப் பின்னந்தலையில் விழுந்து படிக்க முடியாமல் வளைந்தது. 'பல்லாண்டு அனுபவம்' அவர் தோளில் நின்றது. 'உடனடியாகச் சேரத் தயார்' முதுகு நடுவில், வியர்வை ஈரத்தில் நெளிந்தது.

"என்னங்க பண்றீங்க?" நிர்வாக அதிகாரி நிமிர்ந்துவிட்டார்.

"தூசி மேடம்."

"இப்பவா? நகருங்க, மறைக்குது."

"இதோ மேடம், ஆயிடுச்சு," என்றவர், திரும்பாமலே குரலைத் தாழ்த்தி, "அஞ்சாவது சார், மேல் வரிசை, அஞ்சாவது," என்றார்.

விற்பனை மேலாளரின் விரல் மேல் வரிசையில் தடவித் தடவி ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தது. மலை உச்சியில் கொடி பறந்தது. திரைக்காரர் ஓரமாக நகர்ந்தார். விற்பனை மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாத்தீங்களா, என்னோடதுலயும் வருது," என்று அறையைப் பார்த்துச் சொன்னார். திரைக்காரர் நின்ற பக்கம் மட்டும் அவர் பார்க்கவில்லை.

முடிவை நிர்வாக அதிகாரி மறுநாள் தம் அறையில் உட்கார வைத்துச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். குரலை உயர்த்தவில்லை. பணி தேவையற்றுப் போய்விட்டது, உங்கள் மேல் தப்பில்லை என்றார். திரைக்காரர் தலையாட்டினார்.

"இன்னொன்னும் சொல்லணும். வேற பிரிவுல எங்கயாவது வைக்க முடியுமான்னு பாத்தேன். விற்பனைல ஒரு இடம் இருந்துச்சு. மேலாளர்கிட்ட கேட்டேன். நேத்து அவ்வளவு முக்கியமான நேரத்துல திரைய மறைச்சிட்டு நின்னாரே, அவருக்கு இடம் பொருள் தெரியல, வேணாம்னு சொல்லிட்டார்."

திரைக்காரரின் வாய் திறந்தது. ஏன் மறைத்தேன் என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அது நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"தூசி இருந்துச்சு மேடம்," என்றார்.

வழியனுப்பு விழா கூட்ட அறையிலேயே நடந்தது. பிஸ்கட், குளிர்பானம். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மகளுக்குப் பரீட்சை, மனைவி மட்டும் கடையில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து முதல் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவில் அறிவிப்பு இருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும் இருந்தது. விற்பனை மேலாளர்தான் பேசினார். உருக்கமாகவே பேசினார். அடையாள அட்டையிலிருந்து எடுத்த திரைக்காரரின் படத்தை ஒரு ஸ்லைடில் வைத்திருந்தார். கட்டைவிரல் நகத்தளவுப் படம். கம்பியைத் தாமே செருகி, துடைக்காமல், நகர்த்தாமல், யாரையும் கேட்காமல், ஐந்தாவதை ஒரு தட்டுத் தட்டினார்.

படம் திரை முழுக்க விரிந்தது. கண்ணிருந்த இடத்தில் இரண்டு பழுப்புச் சதுரம். வாயிருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் நாலைந்து சதுரம். மற்றதெல்லாம் வெறும் கட்டம் கட்டமாகத் தோல் நிறம்.

எல்லோரும் கை தட்டினார்கள். மனைவியும் தட்டினார். தட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் காதருகே குனிந்து கேட்டார்.

"ஏங்க, யாருங்க இது?"

திரைக்காரர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"யாரோ இங்க வேல பாத்தவராம்," என்றார்.